கொஞ்சம் சத்தமா பேசுங்க

"இன்னும் கொஞ்சம் சத்தமா பேசுங்க!" கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள் மனைவி.

ஹாலில் நின்றிருந்த கணவருக்கு, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு, அலுப்பாக வந்தது. காதில் போன், மறுமுனையில் யாரும் இல்லை. இருந்தாலும், "பாலிசி முடிஞ்சா போனஸோட சேர்த்துக் கைக்கு வந்துடும் சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கதவு திறந்தது. "கேட்குது. போனஸ் வரைக்கும் கேட்குது."

உள்ளே சினிமா ஸ்கிரீன் மாட்ட வந்தவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். இதே வீட்டுக்கு நடையாய் நடந்து அவருக்கும் கால் ஓய்ந்திருந்தது. "கதவைச் சுத்தி இன்னொரு ரப்பர் பட்டை ஒட்டிடறேன் மேடம். அதுக்கு மேல என்னால ஆகாது."

"ஏம்மா, படம் ஓடும்போது நான் எதுக்கு வெளியில நின்னு போன் பேசப்போறேன்? உள்ள, உன் பக்கத்துலதானே உட்கார்ந்திருப்பேன்?" என்றார் ஏஜென்ட்.

"இருக்கட்டுமே. எதுக்கும் பார்த்துக்கறது நல்லதுதானே!" கொட்டாவியை அடக்கிக்கொண்டு பட்டை ஒட்டுவதைப் பார்க்கப் போனாள்.

வீட்டிலேயே ஒரு தியேட்டர் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. வீட்டிலிருந்தே தொழில் செய்கிற மனிதர். பொழுது விடிந்தால் போன், பொழுது சாய்ந்தால்தான் வாய்க்கு ஓய்வு. மனைவியோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்த ஏக்கத்தில்தான் மூலை அறையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் காலி செய்தார்.

'உங்களுக்கு வேற வேலை இல்லையா?' என்று எரிந்து விழுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவளோ வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஸ்கிரீன் கடையில் அவர் பளிச்சென்ற வெள்ளையைக் காட்டினார். "வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் ரூம் பூரா அடிக்கும். அந்தச் சாம்பல் கலர் போதும்" என்றாள். சுவரோடு சுவராக நிற்கிற ஸ்கிரீன் கேட்டார். மேலே சுருண்டுகொள்வதுதான் வேண்டும் என்றாள். கூரைக்குக் கறுப்பு பெயின்ட். ஜன்னலுக்குப் பலகை அடித்து, அதன் மேல் கனத்த திரை. பேரம்கூடப் பேசாமல் அவள் தேர்ந்தெடுத்த நாற்காலி, பின்னால் சாய்த்தால் கட்டிலைப் போல மட்டமாக விரிந்துகொண்டது. "இடுப்பு வலிக்குதுங்க" என்று ஒரே வார்த்தையில் அதையும் வாங்கவைத்தாள்.

ஏஜென்ட்டுக்கு அலைந்து அலைந்து உடம்பு வற்றிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடை, ஒவ்வொரு கடைக்கும் இரண்டு நடை. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். தன்னோடு உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு இவளுக்கு இத்தனை ஆசையா!

பட்டை ஒட்டியாயிற்று. மறுபடி வெளியே நின்று கத்தினார். இந்தத் தடவை கதவு திறக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. "ஒண்ணுமே கேட்கலை."

"மேடம், நீங்க எங்க லைன்ல இருந்திருக்கணும். இவ்வளவு ரசிச்சுச் செய்யற கஸ்டமரை நான் பார்த்ததே இல்லை" என்று கும்பிடு போட்டுவிட்டு ஏணியைத் தூக்கினார் ஸ்கிரீன்காரர். விட்டால் போதும் என்ற வேகம் அவருக்கு.

"முதல் ஷோ எப்ப வச்சுக்கலாம்?" என்றார் ஏஜென்ட்.

"நாளைக்கே. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும்."

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த படத்தைத் தேடி எடுத்து வைத்தார். மறுநாள் அவள் வந்தாள், குளித்தாள், உடை மாற்றிக்கொண்டு நேராக அந்த அறைக்குள் போனாள். பின்னாலேயே போனவர் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தார். ஸ்கிரீன் அழகாக இறங்கியது. எழுத்து ஓட ஆரம்பித்தது.

"ஞாபகம் இருக்கா? இந்தப் படத்துக்குத்தான் நீ..." என்று திரும்பினார்.

நாற்காலி மட்டமாக விரிந்திருந்தது. அவள் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். கையை நீட்டி ரிமோட்டை வாங்கிப் படத்தை அணைத்தாள். தன் கை தனக்கே தெரியாத இருட்டு.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க." அவள் குரல் பாதி தூக்கத்துக்குப் போயிருந்தது. "லீவு அன்னிக்குச் சேர்ந்து பார்ப்போம், சத்தியமா. இப்ப மணி காலை ஒன்பது. எனக்கு நைட் டூட்டி போட்ட நாள்ல இருந்து இந்த வீட்டுல ஒரு பகல் நான் கண்ணை மூடினதில்லைங்க. மெதுவா பேசறேன், மெதுவா பேசறேன்னு நீங்களும் தினம் சொல்றீங்க. உங்களுக்கு வரலை. பொழைப்பு அது, உங்களை என்ன சொல்ல? இனிமே எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசுங்க. சாயங்காலம் மட்டும் எழுப்பி விடுங்க."

அவர் தட்டுத்தடுமாறி வெளியே வந்து கதவைச் சாத்தினார். பையில் போன் அடித்தது.

சத்தமே நுழைய முடியாத அந்தக் கதவின் எதிரில் நின்றுகொண்டு, வாயைக் கையால் பொத்தி, "ஹலோ... அப்புறம் பேசறேன் சார்" என்று கிசுகிசுத்தார் ஏஜென்ட்.