ஒரு ஜோடிகூட இல்லையாம்!

"ஒரு ஜோடிகூட இல்லையா? நேத்து சாயங்காலம்வரைக்கும் அந்தச் சுவத்துல வரிசையா மாட்டியிருந்ததே, ஓஸ்முன்!"

வாடகைக் கடை ஓஸ்முன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. யாருடைய பூட்ஸையோ ரொம்பச் சிரத்தையாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் போயிடுச்சு, யோருன். ஒரு கும்பல் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போச்சு."

"எந்தக் கும்பல்?"

"அதைச் சொல்றதுக்கில்ல."

யோருனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியில் சறுக்குகிற குட்டை ஸ்கீ என்றாலே இந்த ஊருக்கு இளக்காரம். இடுப்பு உயரம்கூட வராத பலகை, கையில் ஊன்றுகுச்சியும் கிடையாது, அதெல்லாம் ஒரு ஸ்கீயா என்பார்கள். வருஷம் பூராவும் தூசி படிந்து தொங்குகிற அந்தச் சாமானுக்கு, இவள் கேட்கிற அன்றைக்குத்தானா இத்தனை கிராக்கி?

நேற்று ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் வெட்கத்தை விட்டு எழுதியிருந்தாள். 'ஹால்வோர் முதல் தடவையாகக் குட்டை ஸ்கீ போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான். யாராவது நாளைக்கு ஒரு நாள் இரவல் கொடுங்கள்.'

ஊரே படித்தது. ஒரு ஜீவன் பதில் போடவில்லை.

வெளியே காரில் அவள் புருஷன் ஹால்வோர் காத்துக்கொண்டிருந்தான். மர அறுவை ஆலையில் வலது கை முழங்கையோடு போனதிலிருந்து அவன் மலைப் பக்கமே போவதில்லை. போன குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை, ஒற்றைக் குச்சியோடு போனான். பாதிச் சரிவில் விழுந்தான். அத்தனை பேரும் நின்று 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து ஸ்கீயை நிலவறையில் போட்டவன்தான்.

இப்போது அவனாகவே வாய் திறந்து, "குச்சியே வேண்டாத ஸ்கீ ஒண்ணு இருக்காமே, பார்க்கலாமா?" என்றிருக்கிறான். இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினால் இந்த ஜென்மத்தில் மறுபடி கேட்கமாட்டான். யோருனுக்கு அவனைத் தெரியாதா?

நேரே விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் தருகிற நகராட்சி நிலையத்துக்கு வண்டியை விட்டாள்.

"அடடா, காலையில கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களே!" என்றாள் அங்கே இருந்த தோர்டிஸ். சிரிப்பு வேறு!

"இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள் யோருன்.

"விடு. வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் ஹால்வோர். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் குரல்தான் அவளை உலுக்கியது. வண்டியைக் கிளப்பினாள்.

பனிச்சரிவின் வாகன நிறுத்தத்தைத் தாண்டும்போது சட்டென்று பிரேக் போட்டாள். நீல வேன். பின்கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. உள்ளே ஒரு ஜோடி குட்டை ஸ்கீ, ஓஸ்முன் கடையின் மஞ்சள் ஒட்டுச்சீட்டோடு!

"ஸ்டைனார் வண்டி! பாத்தியா உன் சிநேகிதன் லட்சணத்தை?"

ஞாயிறு தவறாமல் ஹால்வோரோடு மலையேறியவன் ஸ்டைனார். விபத்துக்கு அப்புறம் வாசப்படி மிதிக்கவில்லை. கேட்டால், கூப்பிடாமல் ஒருத்தர் வீட்டுக்குப் போவது நம்ம ஊர் வழக்கமா என்பான். துக்கம் விசாரிக்கவும் அழைப்பிதழ் அனுப்பணுமா? அது போகட்டும். கை போனவன் ஆசைப்பட்டதைக்கூட முந்திக்கொண்டு பறிப்பானா ஒரு மனுஷன்?

"யோருன், ரகளை பண்ணாதே!"

"பண்ணத்தான் போறேன்!"

பனியில் தொம் தொம்மென்று நடந்தாள். ஹால்வோர் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தான்.

பெரிய சரிவில் ஸ்டைனாரைக் காணோம். குழந்தைகள் பழகுகிற சின்னச் சரிவிலிருந்து ஒரே கூச்சல். அங்கே போனாள்.

"டேய் ஸ்டைனார்!" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹால்வோரின் பழைய மலைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எல்லார் காலிலும் குட்டை ஸ்கீ. யார் கையிலும் குச்சி இல்லை. ஒருத்தன் வேலியைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒருத்தன் மல்லாந்து கிடந்தான். மாவட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய ஸ்டைனார் பனியில் உட்கார்ந்திருக்க, ஒரு வாண்டு, "மாமா, நகருங்க, நான் போகணும்!" என்று அதட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டைனார் இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி தொப்பென்று விழுந்தான்.

"அதுக்குள்ள ஏன் வந்தீங்க? மத்தியானம் நாங்களே வந்து கூப்பிடலாம்னு இருந்தோம். அதுக்குள்ள எழுந்து நிக்கவாவது கத்துக்கலாம்னு பார்த்தா, இந்தச் சனியன் நிக்கவிடமாட்டேங்குது!"

"எதுக்குடா இதெல்லாம்?" என்றான் ஹால்வோர்.

"வண்டியில உன் ஜோடி இருக்கு. போய் மாட்டிட்டு வா." ஸ்டைனார் தாடியிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். "நீ மட்டும் விழுந்தா ஊரே பார்க்கும். நாங்க எல்லாருமே விழுந்து கிடந்தா, எவன்டா உன்னைப் பார்க்கப் போறான்?"