கை நனைக்காதவள்

“எனக்க வீட்டுத் தண்ணி அவளுக்கு ஒரு சொட்டு எறங்காதாமா?”

அடுக்களையில் பாயசப் பானையை ணங்கென்று மூடினாள் பகவதியம்மாள்.

“மெல்லப் பேசு ஏட்டி. அங்க கேக்கும்,” என்றார் அவள் கணவர் கைலாசநாதன்.

“கேக்கட்டும்! வந்த எல்லாரும் இலையில இருந்து கை நனைச்சாச்சு. பெண்ணுக்க அக்காவுக்கு மட்டும் எளநி வேண்டாம், காப்பி வேண்டாம், வெறுந்தண்ணிகூட வேண்டாம். இதுக்கு என்ன அர்த்தம்?”

அர்த்தம் அவருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீடு காண வருகிறவர்கள் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் இல்லை. மணப்பெண் நந்தனாவோ, அக்கா பார்த்துச் சரியென்றால் தனக்கும் சரி என்று முன்பே சொல்லியிருந்தாள். தாயில்லாத அந்த வீட்டில் அக்கா ஆதிராவின் சொல்லே கடைசிச் சொல். இவர்கள் மகன் அனில்குமாரோ நந்தனாவைத் தவிர வேறு பெண்ணைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான்.

எதில் குறை வைத்தாள் பகவதியம்மாள்? தசைநோயால் கைகால் வலுவிழந்த ஆதிராவின் சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று படியில் பலகை போட்டாள். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையாக ஆள் வர வேண்டுமே என்று வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். பெண்ணின் அப்பா பொன்னுலிங்கம், அவர் தம்பிமார், மச்சான்மார், மகள் ஆதிரா. அவளுக்குப் பின்னால், தோளில் பையோடு, உறவல்லாத ஒருத்தி. மொத்தம் இரட்டைப்படை!

“நீ வேலைக்கு நிக்கிற பிள்ளதானே மக்கா? வருத்தப்படாத,” என்று பக்குவமாகச் சொல்லி, கணவரையே உடன் அனுப்பி, அவளை அவர்கள் ஊரான குலசேகரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். காரில் இருக்கச் சொன்னாலும் வந்தவள் வந்தவள்தானே? பொன்னுலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி மரியாதை கருதி மூடிக்கொண்டார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கா இந்த அவமதிப்பு?

ஒரு தம்ளர் பாயசத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள்.

“ஏ பிள்ளே, சாயங்காலம் நல்ல நேரம் பாத்துத்தான் எறங்கப் போறிய. அதுவரை பட்டினி கெடந்து யாருக்குக் காட்டுத?”

பொன்னுலிங்கம் பதறி எழுந்தார். “அவளுக்கு வெரதமாக்கும். மண்டைக்காட்டு அம்மனுக்கு...”

“இது ஆவணி மாசம் அண்ணாச்சி. மண்டைக்காட்டுக் கொடை மாசியிலயாக்கும்!”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேர சொல்லிருங்கோ. எனக்க மோனுக்குப் பெண்ணு கிட்டாம இல்ல. வீடு தேடி வந்து, பச்சத் தண்ணிகூடத் தொடாம மனுசரை இப்பிடி அவமானப்படுத்தாண்டாம்!”

அனில்குமார் தாயின் கையைப் பிடித்தான், அவள் உதறினாள்.

ஆதிரா நிமிர்ந்தாள். உதடுகள் வறண்டு வெடித்திருந்தன.

“அப்பா, இனிப் பொய் வேண்டாம்,” என்றவள், பகவதியம்மாளை நேராகப் பார்த்தாள்.

“வீடு பிடிச்சிருக்கு அத்தே. அனிலையும் பிடிச்சிருக்கு. பாயச மணத்துக்கு நாக்கு ஊறுது. ஆனா, குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லா? அதுக்கு என்னத் தூக்கி இருத்தி, கழுவி விடுதவளத்தானே நீங்க ஒத்தப்படை பாத்து பஸ்ஸேத்தி விட்டிய?”