இரண்டாவது அடையாளம்

அனுமதி வாங்காமல் ஊர்வலம் போனதற்காக அறப்பணிச் செம்மல் தணிகாசலத்தைக் கைது செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜாமீன்தாரர்கள் இருவரும் தயார், வாசலில் ஆளுயர மாலையும் தயார். ஸ்டேஷன் ரைட்டர் பூங்காவனம் நிரப்ப வேண்டிய அங்க அடையாளப் படிவம்தான் பாக்கி.

"வலது முழங்கையில ஒரு மச்சம். ரெண்டாவது?" என்றாள்.

"ஒண்ணு போதாதா ரைட்டரம்மா? தலைவருக்குப் பாராட்டு விழா இருக்கு," என்றார் வக்கீல்.

"ரெண்டு இல்லாம ஜாமீன் இல்ல சார். தலைவரே, டோப்பாவைக் கழட்டுங்க."

லாக்கப்பில் இருந்த சைக்கிள் திருடன்கூட எழுந்து நின்று பார்த்தான். செம்மல் கழற்றினார். வழுக்கையின் நடுவே நாலு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு. அது அங்கே இருக்கும் என்று பூங்காவனத்துக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். அவர் வீட்டில் சமையல் செய்த அவளுடைய அம்மா, கையைப் பிடித்து இழுத்தவரை அடித்த அடி அது. மறுநாளே வெள்ளிக் குத்துவிளக்கைத் திருடியதாக அம்மாவைப் பிடித்துப் போனார்கள். ஜாமீன் போட ஆளில்லாமல் நாற்பத்தொரு நாள் உள்ளே கிடந்தாள்.

"இது எப்படிப் பட்டது தலைவரே?"

"சின்ன வயசுல மாடிப்படியில விழுந்தேம்மா."

டோப்பாவுக்காக நீண்ட கையைப் பூங்காவனம் ஸ்கேலால் மெல்லத் தள்ளினாள். வெளியே வாழ்க கோஷம் கிளம்பியது. அவள் பேனா மூடியைத் திறந்தாள்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும். எனக்குக் கொஞ்சம் சத்தமான குரல். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாடிப்படியா, தோசைக் கரண்டியா?"