முள்ளங்கிக்குப் பக்கத்தில் இரண்டு குழாய்

மாடிப்படி ஏறி முடித்ததும் நோபுயே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் கணவர் கென்சோ எப்போதோ மேலே போய், கிளினிக் செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாத்தீங்களா, நோயாளி நானாம்! இவ என்னைக் கூட்டிட்டு வர்றாளாம்!" என்று நர்ஸிடம் சிரித்தார்.

நோபுயே சிரிக்கவில்லை. ஒரு மாதமாக அவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. கேட்டால் "மூலம்தான், விடு" என்பார். அவருடைய அண்ணனும் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குள் போனவர் வீடு திரும்பவில்லை.

டாக்டர் உசுயி இரண்டு தாள்களை மேசையில் பரப்பினார். "ரத்தப் பரிசோதனை பிரமாதம், பெரியவரே. ரத்தசோகை துளிகூட இல்ல."

"நான்தான் சொன்னேனே!"

"ஆனா, ரெண்டு நாள் மலம் எடுத்துக் குடுத்தீங்களே... ரெண்டு குழாய்லயும் ரத்தம். எடுத்ததுல கண்ணுக்குத் தெரியாட்டியும் அளவு ரொம்ப அதிகம். இவ்வளவு இருந்தா புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுதல். இந்த வாரமே உள்ள கேமரா விட்டுப் பாத்துடணும்."

கென்சோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இருக்காது. எங்கயோ மாறிப்போயிருக்கும்."

"ரெண்டுலயும் பேரும் தேதியும் உங்க கையெழுத்துதான்."

நோபுயேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதை எடுக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், டாக்டர்! இன்னிக்கு மூடுபனிம்பாரு, நாளைக்குக் கடற்பாசி காயப்போடணும்பாரு. பத்து நாள் அப்படியே போச்சு. அப்புறம் திடீர்னு சமர்த்தா எடுத்து, ஃபிரிட்ஜுல என் முள்ளங்கி ஊறுகாய்க்குப் பக்கத்துல கொண்டுவந்து வச்சாரு."

"அதுலயும் ஒரு கூத்து," என்று மூக்கை உறிஞ்சினாள். "நாப்பது வருஷமா பேப்பரும் கையுமா கழிப்பறைக்கு முதல்ல ஓடுற மனுஷன், அந்த ரெண்டு நாளும் என்னை 'நீ முதல்ல போ'ன்னாரு. நான் தண்ணி விடறதுக்குள்ள, 'அவசரம், அப்படியே வெளிய வா'ன்னு கதவை இடிக்கிறாரு!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. கென்சோ மட்டும் சிரிக்காமல், புதிதாகப் பார்ப்பதுபோல் நோபுயேவின் வெளுத்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படி ஏறியபோது வாங்கிய மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. கேமராவோ கத்தியோ, நான் பக்கத்துலயே இருக்கேன்."

அந்தக் கையை அவர் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டர்... அந்த ரெண்டு குழாயும் இவளோடது."