ஒரே கண்ணில் இரண்டு ஆபரேஷன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தையல்காரர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். கால் தன்பாட்டுக்கு இல்லாத மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு இருக்கிறதே இந்த ஒரு கண்ணுதான்," என்றார். "ரெண்டு நாள் விட்டா அதுவும் ஓட்டையாயிடும்னுட்டாங்க. காலையிலிருந்து அவங்க பல்லுல பச்சைத் தண்ணி படல."

"ஆபரேஷன்னா அப்படித்தான்," என்றார் வாட்ச்மேன். இருபது வருஷமாய் அந்தக் கதவைத் திறந்து மூடியதிலேயே பாதி டாக்டர் ஆனவர். மீதிப் பாதியை அவரே சேர்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நாங்க பண்றது ரெட்டை ஆபரேஷன். கெட்டுப்போன கருவிழியை வட்டமா வெட்டி எடுத்துடுவோம். அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். அது வழியாப் பார்த்து, பின்னாடி கழண்டு கிடக்கிற விழித்திரையை ஒட்டுவோம். அப்புறம் ஜன்னலை எடுத்துட்டு, தானமா வந்த கருவிழியைத் தைச்சுடுவோம்."

"விழித்திரை தேறாதுன்னு தெரிஞ்சா?"

"செத்த கண்ணுக்குக் கருவிழியை வீணாக்குவோமா? அது வேற ஆளுக்குப் போயிடும்."

தையல்காரர் கைகளைக் கூப்பினார். சாமியிடம் கேட்கலாமென்று கண்ணை மூடினார். கேட்க வாய் வரவில்லை.

எதிர் பெஞ்சிலிருந்த பெண் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் புருஷனுக்கும் இன்றைக்குத்தான் ஆபரேஷன். "தைரியமா இருங்கண்ணே. நல்லதே நடக்கும்."

அவர் வாங்கிக் குடித்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கத்தி பிடிக்கிறது நாங்க, நடுங்கறது நீங்களா?" என்று வாட்ச்மேன் சிரித்தார்.

இரண்டரை மணி நேரம் கழித்து விளக்கு அணைந்தது. நர்ஸ் வெளியே வந்து முகமூடியை இறக்கினாள்.

"விழித்திரை நல்லா ஒட்டிக்கிச்சு. கருவிழியையும் தைச்சாச்சு."

எதிர் பெஞ்சுப் பெண் கைகூப்பினாள். தையல்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சந்தோஷம் தாங்கல, பாவம்," என்று வாட்ச்மேன் மீசையைத் தடவிக்கொண்டார். "நாங்க கைவச்சா சும்மாவா!"

நர்ஸ் தையல்காரரின் பக்கத்தில் குனிந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இந்தக் கருவிழி அவங்க வீட்டுக்காரருக்கே போயிடுச்சு. அடுத்த கருவிழி வந்தா, முதல்ல உங்கம்மாவுக்குத்தான்."