பத்துக்கு ஒன்பது

"மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க மேடம். போன வாரம் மீட்டர் பார்க்க வந்த ஆளு வாசல்லயே வாந்தி எடுத்துட்டான்" என்றான் மகன். அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தெருவில் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

வந்தவள் கிளினிக் பெயர் போட்ட ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "லாரி எதுக்கு?"

"எல்லாத்தையும் அள்ளிக் கொட்டத்தான். பெத்த தாயைப் பார்க்கவே குமட்டுது. என் பிள்ளைங்க இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு."

"முன்னாடி எப்பவாவது அள்ளினீங்களா?"

"ஒரு தடவை. பத்து நாள் அம்மா பல்லுல பச்சைத் தண்ணி படலை. ஆறே மாசம், பழையபடி ரொம்பிடுச்சு."

"ஒரு மணி நேரம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உடம்பை ஒருக்களித்துச் செருகித்தான் நுழைய முடிந்தது. நாற்றம் மூக்கோடு நிற்காமல், அழுக்குத் துணியைத் திணித்தாற்போலத் தொண்டைக்குள் இறங்கியது.

கூரை வரைக்கும் பழைய செய்தித்தாள், நனைந்து ஒட்டிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்குச் சந்து. செருப்புக்கடியில் எலிப்புழுக்கை நொறுங்கியது. உப்பிப்போன பால் பாக்கெட்டுகளின் மேல் கரப்பான்கள் அவசரமில்லாமல் ஊர்ந்தன. ஒரு பாக்கெட் வெடித்து ஒழுகி, அதில் வெள்ளையாக என்னமோ நெளிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வேண்டுமென்றே திறந்து, அதையே பார்த்தாள்.

சந்தின் கடைசியில், ஒரு நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். அத்தனை குப்பைக்கு நடுவிலும் தலையைப் படிய வாரி, மூக்குக்கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துப் போட்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"வீட்டு அட்ரஸ் யாரு கொடுத்தா?"

"கிளினிக்ல கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். மூணு வாரமா நீங்க வரலை."

"போயிடுங்க. நீங்க இதைப் பார்க்கக் கூடாது."

"பார்த்தாச்சே."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அருவருப்பா இருக்கா?"

"இருக்கு. ஆனா ஓடிப்போற அளவுக்கு இல்லை." வந்தவள் குரலைத் தணித்தாள். "வெளியில உங்க பையன் லாரியோட நிக்கறாரு. அவர் கை வைக்கறதுக்கு முன்னாடி, நீங்களா ஒரே ஒரு சாமானைக் கொடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. நானா எதையும் தொட மாட்டேன்."

அந்த அம்மாள் மெல்லக் குனிந்தாள். பிறகு நாற்காலிக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வந்தது. உள்ளே தலையணை அளவுக்கு முடி. சீப்பில் வந்தது, தரையில் உதிர்ந்தது, குளியலறைச் சாக்கடையில் அடைத்தது, எல்லாம் சேர்ந்து பிசுபிசுத்துக் கிடந்தன.

"ஆறு வருஷத்து முடி" என்றாள் அந்த அம்மாள். "என் உடம்புல இருந்தது. எப்படித் தூக்கிப் போடறது, சொல்லுங்க."

"இதைக் கொடுத்துடணும்னு நெனச்சா எவ்வளவு பயமா இருக்கு? பத்துக்கு எத்தனை?"

"ஒன்பது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கும் ஒன்பது."

"கையுறை போடலையா?"

"போட்டா பிரயோஜனம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

வந்தவள் கவருக்குள் கையை விட்டாள். ஈரமாகச் சுருண்டிருந்த முடி விரல்களில் சிக்கியது. நடுவில் செத்த கரப்பானின் கால் ஒன்று உள்ளங்கையில் குத்தியது.  வெடித்து ஆறிய தழும்புகள் நிறைந்த அவள் விரல் முட்டிகளையும் முடி சுற்றிக்கொண்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"நீங்களும் பிடிங்க. அவசரமே இல்லை."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ காகிதக் குவியலுக்குள் எலி பிறாண்டியது. தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் அசையவில்லை.

"இப்போ?"

"எட்டு."

ரொம்ப நேரம் கழித்து ஆறு என்றாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, நாலு.

வந்தவள் ஒரு குப்பைப் பையை விரித்தாள். அந்த அம்மாள் கவரை அதற்குள் தன் கையாலேயே போட்டாள். போட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை அதன் பிறகுதான் வந்தது. வந்தவள் முடி ஒட்டிய கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பையோடு வெளியே வந்தவளைக் கண்டதும் மகன் இரண்டடி பின்வாங்கினான்.

"ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதானா?"

"இன்னிக்கு இவ்வளவுதான். லாரியை அனுப்பிடுங்க. நாளைக்கு இன்னொண்ணு."

"வெளையாடறீங்களா? அந்த வீட்டுல லட்சம் சாமான் இருக்கு. இந்த வைத்தியத்துல யாராவது குணமாகியிருக்காங்களா?"

"நான் ஆயிருக்கேன். ஒரு நாளைக்கு எழுபது தடவை கை கழுவிட்டிருந்தேன்" என்றாள். "வைத்தியம் பார்த்தது உங்க அம்மா."