முறைத் தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

அவள்தான் குழாயை அப்படித் திருப்பி வைத்தாள். மோட்டாரைப் போட்டுவிட்டு மேட்டில் வந்து உட்கார்ந்தாள்.

விவசாய மின்சாரம் இலவசம். ஓடினால் ஓடட்டும்.

அவள் கரும்புக்குத் தண்ணீர் வேண்டாம். போன வெட்டு முடிந்ததும் ஊரே சோகையை, காய்ந்த கரும்பு இலைகளை, கொளுத்தியது. அவள் கொளுத்தவில்லை. வரிசைகளுக்கு நடுவே பரப்பினாள். யூரியாவைப் பாதியாகக் குறைத்து, தூரோரம் குழி பறித்துப் போட்டு மூடினாள். கிறுக்கு என்றார்கள்.

சோகையைக் காலால் விலக்கினால் அடியில் மண் இன்னும் ஈரம். இதற்கு மேல் பாய்ச்சினால் வேர் அழுகும்.

மோட்டார் போடாமலும் இருக்க முடியாது.

மூன்று பங்கு, ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை நாளில் மோட்டார் போடாமல் விட்டுக்கொண்டே வந்தால் அந்த நாள் அடுத்த பங்குக்குப் போய்விடும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஊர் வாயில்தான் இருக்கிறது.

அடுத்த பங்கு கொழுந்தன் கலியமூர்த்தியுடையது. அவள் புருஷன் செத்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. அது எங்க அண்ணன் முறை. அண்ணனே இல்ல, அப்புறம் இன்னா முறை.

வரப்பில் அவன் வருவது தெரிந்தது.

மடித்துக் கட்டிய வேட்டி. விரல் இடுக்கெல்லாம் யூரியா வெள்ளை. பக்கத்து ஊரிலிருந்து பார்த்தாலும் அவன் கரும்பு கருகருவென்று தெரிய வேண்டும். மூட்டை மூட்டையாக வீசியிருந்தான். அவளுக்கு எப்படியும் தண்ணீர் வேண்டியிருக்காது, இன்றைக்கு நாம் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று நினைத்து வீசியிருந்தான்.

கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணி இது?"

"என் முறை. ஓடுது."

"கெணத்துக்குள்ளயே வுழுது!"

"வுழட்டும்."

மூன்றாம் பங்கு நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"கலியா, உங்க அண்ணி கெணத்துக்குத் தண்ணி காட்டுறாங்கடா!"

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியது. அவன் நிலத்தில், உலர்ந்த மண்ணின் மேல், வெள்ளைக் குருணை அப்படியே கிடந்தது. தண்ணீர் படாவிட்டால் பாதி காற்றோடு போய்விடும். போகத் தொடங்கியிருந்தது. நெடி இங்கு வரை வந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

இவ்வளவு நேரம் கத்திப் பேசியவன் இப்போது முணுமுணுத்தான். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உதட்டசைவு அவளுக்குப் புரிந்தது.

உங்க முறையில கொஞ்சம் தண்ணி.

எழுந்தாள். கொட்டகைக்குள் போனாள். மோட்டாரை நிறுத்தினாள்.

எல்லாம் அடங்கிவிட்டது. களைக்கொத்துகளும் நின்றுவிட்டன.

வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"இப்ப சொல்லு."